முசலிக் கரையிற் படகுப் பதிவு: உடைமை, உழைப்பு, ஆவணம்

கடற்றொழில் பற்றி நம்மிடையே எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் வலையிலிருந்தோ, சாதியிலிருந்தோ, சந்தையிலிருந்தோ தொடங்குவன. படகின் அணியத்தில், இருபுறமும், வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும் எழுத்துக்களும் இலக்கங்களும் ஆய்வாளரின் கவனத்தை ஈர்ப்பது அரிது. அவை நிருவாகத்தின் சிறு விவரம் என்றே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும், அரசு என்னும் நிறுவனம் ஒரு சிறு மீனவனின் வாழ்வைத் தொடுகின்ற இடங்களுள் அவ்வெழுத்தும் ஒன்று. அவன் யார், அவனது உடைமை எது, எந்தக் கரையிலிருந்து அவன் கடலுக்குச் செல்லலாம், இடர் நேர்ந்தால் அவனுக்கு இழப்பீடு உண்டா என்னும் வினாக்கள் அனைத்தும் அந்த எண்ணுடன் பிணைந்துள்ளன.

மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியான முசலிப் பிரதேசத்தை முன்னிறுத்தி, தனியார் படகொன்று அரசிடம் பதிவு செய்யப்படும் முறையையும், அம்முறை தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அதன் சமூக உள்ளடக்கத்தையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பதிவேடு என்பது உற்பத்திச் சாதனத்தின் உடைமையைக் குறித்துவைக்கும் ஆவணம். உழைப்பைக் குறித்துவைக்கும் இடம் அதில் இல்லை. எனினும், போரினாலும் இடப்பெயர்வினாலும் அலைக்கழிக்கப்பட்ட மக்களுக்கு அதே ஆவணம் உரிமையின் சான்றாகவும் அமைகின்றது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி இப்பொருளைச் சரிவர விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

1. முத்துக்குளிப்பும் எண்ணிடப்பட்ட தோணியும்

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் முசலி ஒன்று. வடக்கே அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்புப் பகுதியிலிருந்து, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என இக்கரை தெற்கு நோக்கி நீண்டு, வில்பத்துக் காட்டின் எல்லையைத் தொடுகின்றது. இதற்கு எதிரே மன்னார் வளைகுடாவில் அமைந்துள்ள முத்துச் சிப்பிப் பார்களே பல நூற்றாண்டுகளாக இக்கரையை உலகச் சந்தையோடு இணைத்தன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் இப்பார்களின் மீது உரிமை கோரினர். ஆங்கில ஆட்சியின் முதல் ஆண்டுகளில், ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்கும் காலத்தில் ஆளுநர் தங்குவதற்காக அது கட்டப்பட்டது. அரசின் கண் இக்கரைமீது எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அவ்விடிபாடு ஒரு சான்று.

முத்துக்குளிப்புப் பருவத்திற் கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய துறைகளிலிருந்து தோணிகள் இக்கரைக்கு வந்து திரண்டன. வந்த தோணிகளைக் கணக்கிட்டு, பதிந்து, எண் வழங்கிய பின்னரே அவற்றை அதிகாரிகள் கடலுக்கு அனுப்பினர். மாலையிற் கரைசேரும் தோணி ஒவ்வொன்றும் தான் எடுத்த சிப்பிகளை அரசின் அடைப்புக்குட் கொண்டுவந்து பங்கிடவேண்டும். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தோருக்கு. அந்த ஒரு பங்கிலும் படகுக்குரியவருக்கும் தண்டலுக்கும் உரியன கழிந்த பின்னரே, மூச்சையடக்கிக் கடலடிக்குச் சென்றவனுக்கு எஞ்சியது கிடைத்தது. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற குளிப்பு அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாவை ஈட்டித் தந்தது. அடுத்த ஆண்டில் இப்பார்கள் இலண்டன் மூலதனத்தைக் கொண்ட கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள்ளேயே சிப்பி வளம் குன்ற, அம்முயற்சியும் தோல்வியுற்றது. 1906ஆம் ஆண்டுக் குளிப்பில், பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப் இளம் அதிகாரியாகப் பணியாற்றினார் என்பதும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. முசலிக் கரையிற் படகுக்கு எண் வழங்கப்பட்டது படகோட்டியின் பாதுகாப்புக்காகவன்று. அரசின் பங்கு தவறாது கிடைப்பதற்காகவே எண் வழங்கப்பட்டது. இது குடியேற்ற ஆட்சியின் தனிக் கண்டுபிடிப்பும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில், ஏற்றவும் இறக்கவும் குவிந்த பண்டங்களின்மீது சோழ அரசின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கின்றது. பண்டத்தின் மீது பொறி, கலத்தின் மீது எண் - இரண்டும் அரசுக்கும் செல்வத்துக்கும் இடையிலான உறவின் வெளிப்பாடுகளே. வேறுபாடு யாதெனில், புலிப்பொறி பண்டத்தோடு சென்று மறைந்தது. எண்ணோ உரியவனின் பெயரோடு பேரேட்டில் நிலைபெற்றது.

2. சட்டத்தின் வளர்ச்சி

மீன்பிடிப் படகுக்கு எழுத்தும் எண்ணும் இடும் இன்றைய முறையின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உள்ளது. பிரித்தானியாவில் 1868ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிச் சட்டம் படகுகளைப் பதிவுசெய்து, துறையைக் குறிக்கும் எழுத்தையும் எண்ணையும் அவற்றில் எழுதுமாறு பணித்தது. 1882இல் ஹேக் நகரில் வடகடல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை இதனைப் பன்னாட்டு விதியாக்கியது. நீராவியின் வருகையாற் பெருகிய மூலதனம் ஒரே கடலிற் பல கொடிகளின் கீழ் மோதியபோது, எந்தப் படகு எந்த வலையை அறுத்தது என்பதைத் தீர்மானிக்க அடையாளம் தேவைப்பட்டது. அடையாளம் என்பது போட்டியின் குழந்தை.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழிற் கட்டளைச் சட்டம் மீன்பிடியை ஒழுங்கமைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. ஆயினும், தெப்பமும் வள்ளமும் தோணியுமே பெரும்பான்மையாக இருந்த அந்நாளில், அரசுக்கும் மீனவனுக்கும் இடையே நெருக்கமான பதிவு உறவு வளரவில்லை. 1950களின் பிற்பகுதியில் 3½ தொன் இயந்திரப் படகுகள் தவணைக் கட்டண முறையில் வழங்கப்பட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. கடன் கொடுத்தவர் பொருளை அடையாளங் காணவேண்டும். தவணை முடியும்வரை அது யாருடையது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். பின்னர்க் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் பரவியபோது, கரையில் ஒரு மரத்தைக் குடைந்தோ பலகையை இணைத்தோ செய்யப்பட்ட கலத்தின் இடத்தைத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட கலம் பிடித்தது. உள்ளூர்த் தச்சன் தன் கைவேலையைப் பார்த்தே இது இன்னாருடைய வள்ளம் என்று சொல்லக்கூடும். அச்சில் வார்க்கப்பட்ட ஒரே வடிவான படகுகளுக்கிடையே அவ்வாறு சொல்ல எவராலும் இயலாது. எனவே, எண் இன்றியமையாததாயிற்று.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கி அதன் இடத்தைப் பெற்றது. இலங்கைக் கடலில் மீன்பிடிக்கும் உள்ளூர்ப் படகு ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படல் வேண்டும் என்பது அதன் விதி. 2015 ஜனவரியில், சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியமை காரணமாக, ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன்மீது இறக்குமதித் தடையை நடைமுறைப்படுத்தியது. 2016இல் அத்தடை நீக்கப்பட்டது. ஆழ்கடற் கலங்களின் பதிவு, அனுமதி, செய்மதிக் கண்காணிப்பு ஆகியவை அக்காலத்தில் விரைந்து இறுக்கம் பெற்றன. ஏற்றுமதிச் சந்தையின் கதவு மூடப்பட்டபோது பேரேடு திருத்தமுற்றது. முசலியின் சிறுபடகு மீனவன் பல்லாண்டுகளாக எழுப்பிய குறைகளுக்கு அத்தகைய விரைவு காட்டப்பட்டதில்லை என்பதை ஒப்புநோக்குதல் தகும்.

3. பதிவு நடைபெறும் முறை

சட்டம் இரு வேறு ஆவணங்களை வேண்டுகின்றது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும். ஒன்று, படகின் பதிவுச் சான்றிதழ். அது கலத்தையும் அதன் உரிமையாளரையும் பற்றியது. மற்றையது, மீன்பிடி நடவடிக்கைக்கான அனுமதிப்பத்திரம், அது எந்த வலையை அல்லது எந்த முறையைக் கொண்டு தொழில் செய்யலாம் என்பதைப் பற்றியது, காலந்தோறும் புதுப்பிக்கப்படவேண்டியது. முன்னையது இருந்து பின்னையது இல்லாவிடின், படகு சட்டப்படியானது, தொழில் சட்டப்படியானதன்று என்னும் நிலை ஏற்படும். இவ்வேறுபாட்டை அறியாமையே கரையில் எழும் பல சிக்கல்களுக்குக் காரணம்.

படகை வாங்கியவர் தமது பிரிவுக்குரிய கடற்றொழிற் பரிசோதகரிடம் விண்ணப்பிக்கின்றார். மன்னாரிலுள்ள மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் உதவிப் பணிப்பாளரின் மேற்பார்வையில் அது பரிசீலிக்கப்படுகின்றது. விண்ணப்பதாரரின் தேசிய அடையாள அட்டை, வதிவிடச் சான்று, படகு கட்டிய நிறுவனத்தின் பற்றுச்சீட்டு, இயந்திரத்தின் தொடரிலக்கம் பொறித்த கொள்வனவுச் சீட்டு ஆகியன பொதுவாக வேண்டப்படும் சான்றுகள். பழைய படகாயின், முன்னைய உரிமையாளரின் பதிவுச் சான்றிதழும் உரிமை மாற்றத்துக்கான எழுத்தும் தேவை. பரிசோதகர் படகை நேரிற் பார்த்து, நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து, இயந்திர இலக்கத்தை ஒப்பிட்டு அறிக்கையிடுவார். அதன் பின்னர் எண் வழங்கப்படும். அவ்வெண்ணை அணியத்தில் இருபுறமும் தெளிவாக எழுதுவது உரிமையாளரின் கடமை.

எண்ணின் அமைப்பும் நோக்கத்தக்கது. முதலில் நான்கு ஆங்கில எழுத்துக்கள் கலத்தின் வகையைக் குறிக்கும். இயந்திரம் அகத்தே பொருத்திய பலநாட் கலம், அவ்வாறான ஒருநாட் கலம், வெளியிணைப்பு இயந்திரமுள்ள கண்ணாடியிழைப் படகு, இயந்திரம் பூட்டிய மரபுவழிக் கலம், இயந்திரமற்ற மரபுவழிக் கலம், கரைவலைப் படகு என வகைகள் ஆறு. தொடர்ந்து வரிசை எழுத்தும் இலக்கமும் வரும். இறுதியில் மாவட்டத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து. ஆகவே, 'ஓ.எப்.ஆர்.பி.' என்று தொடங்கி 'எம்.என்.ஆர்.' என்று முடியும் எண்ணைக் காண்பவர், அது மன்னாரிற் பதிவான வெளியிணைப்பு இயந்திரப் படகு என உணர்ந்துகொள்வர். முசலிக் கரையிற் பெரும்பான்மையும் காணப்படுவது இவ்வகையே. படகின் பெயர் அந்தோனியார் என்றோ, பிஸ்மில்லா என்றோ உரியவரின் மொழியிலும் நம்பிக்கையிலும் அமைந்திருக்கும். அதன் எண் ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் ஊருக்கு, எண் அரசுக்கு.

மாவட்டக் குறியீடு வெறும் முகவரியன்று. நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி முதலிய இடங்களிலிருந்து பருவந்தோறும் மீனவர் மன்னார்க் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்தல் நெடுங்கால வழக்கம். காற்று மாறும்போது கரை மாறுதல் கடற்றொழிலின் இயல்பு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல், பருவகாலத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடியமைக்கும் மீனவருக்கும் ஊரவருக்கும் இடையே எழும் உறவையும் முரணையும் சித்திரிப்பது. அன்று அம்முரணை ஊர்ப் பெரியோரும் சம்மாட்டிமாரும் பேசித் தீர்த்தனர்; இன்று அணியத்தில் உள்ள மூன்றெழுத்து அவ்வுரையாடலில் முதற் சான்றாக வைக்கப்படுகின்றது. போரினால் நெடுங்காலம் தொழிலிழந்து மீண்ட உள்ளூரவனும், மரபாக வந்துபோன வெளியூரவனும் ஒரே கரையில் எதிரெதிரே நிற்கும்போது, இருவருமே சிறு உற்பத்தியாளர் என்னும் வர்க்க உண்மையை அம்மூன்றெழுத்து மறைத்துவிடுகின்றது.

4. பேரேடு காணாத மனிதர்

பதிவேட்டில் 'உரிமையாளர்' என்றொரு நிரல் உண்டு. படகில் ஏறுவோரின் நிரல் இல்லை. இது தற்செயலான விடுபடல் அன்று.

வடபகுதிக் கடற்றொழிலிற் சம்மாட்டி என்னும் உரிமையாளர், படகையும் வலையையும் இயந்திரத்தையும் உடையவர். கடலுக்குச் செல்வோர் பங்குக்கு உழைப்பவர். பிடித்த மீனை விற்ற பணத்திலிருந்து எரிபொருள், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்த பின், எஞ்சியது பங்கிடப்படும். படகுக்கு ஒரு பங்கு, இயந்திரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்பது கரையின் கணக்கு. இக்கணக்கில் மரமும் இரும்பும் நூலும் மனிதருக்குச் சமமாக அமர்ந்து பங்கு பெறுகின்றன. உற்பத்திச் சாதனங்கள் தாமே பங்கு கேட்பதுபோலத் தோன்றும் இத்தோற்றத்தின் பின்னே, அவற்றை உடைய மனிதர் மறைந்து நிற்கின்றார். மீன் இல்லாத நாளிற் சம்மாட்டி தரும் முற்பணம் தொழிலாளியை அவரது படகோடு பிணைக்கின்றது. சம்மாட்டிக்கு முற்பணம் தரும் வியாபாரி அவரது மீனைத் தன் விலையோடு பிணைக்கின்றார். இச்சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே பேரேட்டிற் பதிவாகின்றது. தொழிலாளியின் முற்பணக் கடனையும் வியாபாரியின் மறைமுக உரிமையையும் குறிக்கும் நிரல் அதில் இல்லை. வாங்கிய பணம் வேறொருவருடையதாயினும், பதிவான பெயரே உரிமையாளர்.

தகழியின் 'செம்மீன்' நாவலை இங்கு நினைவுகூரலாம். சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தின் வழியே நம்மிடையே பரவலாக அறியப்பட்ட அந்நாவலைக் காதற் சோகமாகவே பெரும்பாலோர் படித்துள்ளனர். அதன் பொருளாதார அடித்தளமோ ஒரு படகின் உடைமைதான். செம்பன்குஞ்சு சொந்தமாகத் தோணியும் வலையும் வாங்க விரும்புகின்றான், அதற்கான முதலைப் பரீக்குட்டி என்னும் சிறு வியாபாரியிடமிருந்து பெறுகின்றான், திருப்பிக் கொடுக்கவில்லை. தோணி செம்பன்குஞ்சினுடையது என ஊர் அறியும். அதற்குள் இருக்கும் பரீக்குட்டியின் அழிவை எந்த ஏடும் அறியாது. கடன் என்னும் உறவு உடைமை என்னும் உருவத்துள் மறைவதை அந்நாவல் காட்டியதுபோல நமது புள்ளிவிவரங்கள் காட்டவில்லை.

இதன் நடைமுறை விளைவு கடுமையானது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயை நம்பியிருப்பன. இத்தகைய வேளைகளில் எரிபொருளோ மானியமோ பகிரப்படும்போது முதலிற் கையிலெடுக்கப்படும் பட்டியல் படகுப் பதிவேடே. உதவி படகுக்கு வருகின்றது. படகின் வழியே உரிமையாளருக்கு வருகின்றது. அவரோடு கடலுக்குச் செல்பவனும், கரையிற் கருவாடு போடும் பெண்ணும், வலை தெரிக்கும் முதியவரும் அப்பட்டியலில் இல்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்புரிமைப் பதிவு இக்குறையை ஓரளவு நிரப்புகின்றதாயினும், சட்டத்தின் பார்வையிற் படகுப் பதிவுக்குள்ள வலு அதற்கு இல்லை.

5. இடப்பெயர்வும் ஆவணமும்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, பதிவு என்பது சுரண்டலின் கருவி மட்டுமே என முடிவு செய்வது எளிது. முசலியின் அண்மைக்கால வரலாறு அவ்வெளிய முடிவை ஏற்க இடந்தருவதில்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த முசலிக் கிராமங்கள் வெறுமையாயின. மிகக் குறைந்த உடைமைகளோடு வெளியேறிய அம்மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் இரு தசாப்தங்களை அகதி வாழ்வாகக் கழித்தனர். தமிழ் மக்களின் விடுதலையைப் பேசிய ஓர் இயக்கம், தமிழ் பேசும் உழைக்கும் மக்களுள் ஒரு பகுதியினரை அவர்தம் கரையிலிருந்து வேரறுத்தமை, நமது முற்போக்குச் சிந்தனை நேர்மையோடு எதிர்கொள்ளவேண்டிய வரலாற்றுக் குற்றமாகும். 2007 செப்டெம்பரில் அரச படைகள் சிலாவத்துறைப் பகுதியைக் கைப்பற்றின. அக்காலத்தில் முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் தம் ஊரிலிருந்து அகற்றப்பட்டனர். பின்னர் அவ்வூரிலே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2017இல் அம்மக்கள் ஒரு மாதத்துக்கு மேலாக நடத்திய போராட்டத்தின் பின், 100 ஏக்கர் நிலத்தை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. ஒரே பிரதேசத்தில், இரு ஆயுத சக்திகளால், இரு சமூகங்கள் தம் கரையை இழந்தன.

நிலத்தை இழந்தவன் திரும்பிவரும்போது நிலம் அங்கேயே இருக்கும். அதனை வேறொருவர் பிடித்திருக்கக்கூடும், காடு மூடியிருக்கக்கூடும். படகை இழந்தவன் திரும்பிவரும்போது படகு இருக்காது. கரையில் விடப்பட்ட மரக்கலம் சில மழைகளில் உளுத்துப்போகும், இயந்திரம் கைமாறிப்போகும். தான் ஒருகாலத்திற் படகுடையவன் என்பதற்கு அவனிடம் எஞ்சக்கூடியது ஒரு தாள் மட்டுமே. அத்தாளும் ஓட்டத்தில் தொலைந்திருப்பின், அவன் உடைமையற்ற தொழிலாளி என்றே புதிய பட்டியலிற் சேர்கின்றான். இத்தகையவனுக்கு அரசின் கையில் உள்ள பழைய பேரேடு ஒரு சாட்சி. குடிமகனிடம் மூலப்பிரதியைக் கேட்கும் அலுவலகம், தன்னிடமுள்ள இணைப்பிரதியைத் தானே தேடிப் பார்க்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கையாகும்.

இதனினும் துயரமானது, காணாமற்போனவரின் பெயரிலுள்ள படகு. உரிமையாளர் இறந்தால் மரணச் சான்றிதழைக் காட்டி வாரிசின் பெயருக்கு மாற்றலாம். கணவன் பிடித்துச் செல்லப்பட்டோ, கடலுக்குச் சென்று திரும்பாமலோ போனால், மனைவி எதனைக் காட்டுவாள்? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறும் வழியைத் தந்தது. மரணத்தை ஒப்புக்கொண்டு கையொப்பமிடப் பல பெண்கள் மறுத்தனர். அம்மறுப்பு நீதிக்கான கோரிக்கையின் ஒரு வடிவம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே காணாமற்போனமைச் சான்றிதழைப் பெற வகைசெய்தது. கணவனின் இறப்பை அறிவித்தாலன்றிப் படகு தன் பெயருக்கு வராது என்னும் நிலையில் ஒரு பெண்ணை நிறுத்துவது, ஆவண நடைமுறை மனிதர்மீது இழைக்கும் வன்முறைகளுள் ஒன்று. அச்சான்றிதழைப் படகுப் பதிவு மாற்றத்துக்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளும் தெளிவான விதி வேண்டற்பாலது.

போர்க்காலத்திற் பதிவுச் சான்றிதழுக்கு மேலாகக் கடற்படையின் அனுமதிச் சீட்டு அமைந்ததையும் மறத்தலாகாது. எந்நேரம் செல்லலாம், எவ்வளவு தூரம் செல்லலாம், எத்தனை குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டலாம் என்பவற்றைப் படைத்துறை தீர்மானித்தது. ஒரே படகு, ஓர் அலுவலகத்திற் பொருளாதார அலகாகவும், மற்றோர் அலுவலகத்திற் பாதுகாப்பு ஐயமாகவும் பதிவாயிற்று. எண்ணைப் பார்த்து மானியம் வழங்கும் அரசும், எண்ணைப் பார்த்துத் தடுத்து நிறுத்தும் அரசும் ஒன்றே என்பதை மீனவர் அனுபவத்தால் அறிந்துள்ளனர். பதிவின்மீது அவர்க்குள்ள ஐயத்தை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது.

6. மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில்

படகைப் பதியும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும்? கூட்டாட்சி நாடுகளில் இவ்வினா பல்வேறு விடைகளைப் பெற்றுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில், ஐந்து நிகரத் தொன்னுக்கு மேற்பட்ட மீன்பிடிக் கலங்கள் மத்திய அரசின் கரையோரக் காவற்படையிடம் ஆவணப்படுத்தப்படுகின்றன. சிறுகலங்களுக்கு மாநிலங்கள் எண் வழங்குகின்றன. இந்தியாவில், ஆட்புலக் கடலினுள் மீன்பிடி மாநிலத்துக்கும் அதற்கு அப்பாற்பட்டது ஒன்றியத்துக்கும் உரியன. 1983இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அப்பங்கீட்டின் அடிப்படையில் எழுந்தது. சிறுகலம் கரைக்கு அருகிலுள்ள ஆட்சியிடம் பதிவாவதே இயல்பு என்னும் கருத்து இவற்றிற் புலப்படுகின்றது.

இலங்கையில், 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம், ஆட்புலக் கடலுக்கு அப்பாலான மீன்பிடி தவிர்ந்த மீன்பிடியை மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கியை நிரலில் வைத்தது. நடைமுறையிற் பதிவதிகாரம் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கடற்றொழில், நீரியல் வளத் திணைக்களத்திடமே நிலைபெற்றுள்ளது. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. கரையின் பருவத்தையும் பாட்டையும் வழக்கையும் அறிந்த ஓர் ஆட்சியமைப்பு பேரேட்டில் எழுதும்போது, வருகை மீனவருக்கும் உள்ளூரவருக்கும் இடையிலான இணக்கத்தையும் அதில் எழுத இயலும். ஆயினும், அதிகாரம் மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வருவதனால் மட்டும் சம்மாட்டியின் படகில் ஏறுபவன் பேரேட்டில் ஏறிவிடப்போவதில்லை. தேசியப் பிரச்சினையின் தீர்வு வர்க்கப் பிரச்சினையின் தீர்வாகத் தானே மாறும் என்னும் மயக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு.

கடலின் மறுகரையையும் நோக்கவேண்டும். 1976ஆம் ஆண்டின் உடன்படிக்கை மன்னார் வளைகுடாவில் இரு நாட்டு எல்லையை வரைந்தது. இழுவைமடி மீன்பிடியை இலங்கை 2017இற் சட்டத்தாற் தடைசெய்தது. எல்லை தாண்டிவரும் இழுவைப் படகுகளால் வடபகுதிச் சிறுமீனவரின் வலையும் வளமும் அழிவது உண்மை. கைதாகும் தமிழகத் தொழிலாளருட் பலர் பிறர் படகிற் கூலிக்கும் பங்குக்கும் சென்றவர் என்பதும் உண்மை. படகின் எண் உரிமையாளரைக் காட்டுகின்றது. சிறையில் இருப்பவரோ பெரும்பாலும் அவரல்லர். உடைமையாளனின் இலாபத்துக்காக இரு கரையின் உழைப்பாளர் மோதும் இம்முரணை, தமிழர் - தமிழர் உணர்ச்சிப் பேச்சாலோ தேசப்பற்று முழக்கத்தாலோ தீர்க்க இயலாது.

7. முடிவுரை

பதிவை மறுப்பதும், பதிவை அப்படியே ஏற்பதும் முற்போக்காளர் நிலைப்பாடாதல் இயலாது. செய்யவேண்டுவன சில உள. முதலாவது, மீண்டு வந்த கிராமங்களில் நடமாடும் சேவையாகப் பதிவு நடைபெற்று, பழைய பேரேடுகள் மக்களுக்குச் சான்றாகத் திறக்கப்படவேண்டும். இரண்டாவது, காணாமற்போனோரின் துணைவியருக்கு இடைக்கால உரிமைப் பதிவு வழங்கப்படவேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பதிவு ஊக்குவிக்கப்படவேண்டும். மூன்றாவது, உரிமையாளரின் பெயரோடு கடலுக்குச் செல்வோரின் பெயரும் பதியப்படவேண்டும். பன்னாட்டுத் தொழில் நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டின் 188ஆம் இலக்க மீன்பிடித் தொழிற் சமவாயம் ஆட்பட்டியலையும் எழுத்து மூலமான தொழில் உடன்பாட்டையும் வலியுறுத்துகின்றது. சிறு அளவு மீன்பிடி பற்றி உணவு, விவசாய நிறுவனத்தின் குழு 2014இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், மீன் பதப்படுத்தும் பெண்களையும் தொழிலின் பகுதியாகக் கொள்கின்றன. இவை பேரேட்டில் ஒரு நிரலைக் கூட்டுவதாலேயே தொடங்கத்தக்க மாற்றங்கள். எனினும், அந்நிரலைக் கூட்டுமாறு செய்யும் வலு கூட்டுறவுச் சங்கங்களினதும் தொழிலாளரினதும் ஒன்றுபட்ட கோரிக்கையிலிருந்தே பிறக்கவேண்டும்.

மறிச்சுக்கட்டியில் தோணிகள் எண்ணிடப்பட்ட நாளில், மூழ்கியவனின் பெயரை அரசு கேட்கவில்லை. அவன் கொண்டுவந்த சிப்பியை மட்டும் எண்ணியது. முத்து அற்றுப்போய் ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும், அதே கரையில், படகின் எண்ணை எழுதும் கை படகில் ஏறுபவனின் பெயரை எழுதப் பழகவில்லை. அக்கையை எழுதப் பழக்குவது முசலியின் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளர் இணைந்து முன்னெடுக்கவேண்டிய பணியாகும். அதற்குரிய அறிவுத்துணையை வழங்குவது பல்கலைக்கழகத்தின் கடன்.